போக்குவரத்து ஆபீசர் ரசலையன் வீடு

இறச்சகுளம்,
14.8.2007

அன்பு மகள் அஜிதாவுக்கு அப்பா எழுதுவது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ எனக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டாய். இருபத்தாறு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவன் போன ஜூன் மாதத்திலிருந்து போக்குவரத்து ஆபீசராக இருக்கிறேன், எனக்குத்தான் தகவல் வரவில்லை. மற்றபடி கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், குவைத்தில் அந்த வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் இதைக் கேட்டேன், முதல் தடவை லைன் கட் ஆனது, இரண்டாம் தடவை வார்டில் கூப்பிடுகிறார்கள் என்றாய், மூன்றாம் தடவை அம்மாவிடம் கொடுங்கள் என்றாய். கடிதத்தை அப்படிக் கட் செய்ய முடியாது, அதனால் எழுதுகிறேன். இன்று எனக்கு வார ஓய்வு, அம்மா பெண்கள் ஐக்கியத்துக்குப் போயிருக்கிறாள். வயலில் கன்னிப்பூக் கதிர் முற்றிவிட்டது, அறுப்பு முடிகிறவரை மழை வராமல் இருந்தால் நல்லது. பசு இன்னும் கன்று போடவில்லை.

ஜூனில் மாப்பிள்ளை விபினின் அப்பா ஏசுஅடிமையும் அவர் மனைவியும் அருமனையிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னபோது நான் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன், ஆள் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மகள் கல்யாணக் காரியம் என்றேன். கல்யாணம் அன்றைக்கா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் வண்டியை எடும் என்றார்கள். ஆக அவர்கள் வந்து போனபோது நான் இல்லை, என் முகத்தை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், விபத்தில்லாமல் ஓட்டியதற்கு நான் காக்கிச் சட்டையோடு சான்றிதழ் வாங்குகிற போட்டோ சுவரில் இல்லை, அது இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு புதிதாக இருந்தது. கண்ணாடி உடைந்துவிட்டது என்றாள் அம்மா. நம்பினேன். அதற்குப் பிறகு என் காக்கி உடுப்பு முற்றத்துக் கொடியில் காயவில்லை, பின்னால் தொழுவத்துப் பக்கம் காய்ந்தது. முற்றத்து வெயிலில் நிறம் போகிறது என்றாள். அதையும் நம்பினேன். அந்த உடுப்பில் இனிப் போவதற்கு நிறம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

போன வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்கால் டிரிப், வடசேரியிலிருந்து திட்டுவிளைக்கு. வண்டி புறப்படுகிற நேரத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு கையில் மட்டிப்பழக் குலை, இன்னொரு கையில் பை என்று ஒருவர் ஏறி எனக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தார். குலையை என்ஜின் மூடிமேல் வைத்தார். அது சுடும், பழம் வெந்துபோகும் என்று சொன்னேன். நீரு ரோட்டப் பாத்து ஓட்டும் ஓய் என்றார். புத்தேரி தாண்டியதும் எனக்கு ஒன்றுக்கு முட்டிவிட்டது. காலையில் நாலரை மணிக்கு வீட்டில் போனது, அதற்குப் பிறகு நாலு டிரிப். ஒவ்வொரு டிரிப்புக்கும் முடிவில் ஐந்து நிமிஷம் ஓய்வு என்று தாளில் போட்டிருக்கிறது, பள்ளிக்கூட நேரத்து நெரிசல் அந்த ஐந்து நிமிஷத்தைத் தின்றுவிடும். நம் வீடு இன்னும் கொஞ்ச தூரம்தான், ஆனால் டிரைவர் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் அதற்கு வேறு குற்றச்சாட்டு. வயலோரம் ஒதுக்கி நிறுத்தி என் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிப் போனேன். கிட்னிக் கல் அடைக்கிற நாளில் அது சட்டென்று முடியாது, நாலு நிமிஷம் ஆனது. நாலு நிமிஷமும் வண்டிக்குள் பேசுவது கேட்டது. காலேஜ் பையன்கள் விசிலடித்தார்கள். ஒரு பெண்பிள்ளை, சும்மா கெடங்கடே, அவரும் மனுசன்தானே என்றாள்.

திரும்பி ஏறி உட்கார்ந்ததும் பின்னாலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஆரம்பித்தார். நாப்பது சனத்த நடுரோட்டுல இருத்திட்டு மோளப் போறீரா, வீட்டுல சோலிய முடிச்சிட்டு வரப்பிடாதா, சர்க்காரு சம்பளம் வாங்குத திமிரு ஓய் உமக்கு, என்றார். நான் பதில் சொல்லவில்லை. டிரைவரிடம் பேசக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறது, டிரைவர் பேசலாம் என்றும் எங்கும் எழுதவில்லை. அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, எனக்க சம்மந்தி இவனுவளுக்கெல்லாம் மேல உள்ள ஆபீசராக்கும், இண்ணைக்கு அவருக்க வீட்டுக்குத்தான் போறேன், நம்பரச் சொல்லி நாளைக்கே இவன வீட்டுல இருத்துகேனா இல்லியாண்ணு பாத்துக்கிடும், என்றார். அந்தச் சம்பந்தி யாராக இருந்தாலும் பாவம், இந்த மனிதரை ஆயுசுக்கும் சுமக்க வேண்டுமே என்று நான் இரக்கப்பட்டேன்.

இறச்சகுளம் ஸ்டாப்பில் இறங்கும்போது அவர் கண்டக்டர் யூஜினிடம் கேட்டார், அண்ணு காருல வந்தது, இப்ப வழி பிடிபடல்ல, போக்குவரத்து ஆபீசர் ரசலையன் வீடு எது ஓய், என்று. யூஜின் பதினொரு வருஷமாக எனக்குப் பின்னால் நின்று விசில் கொடுக்கிறவன். நான் கண்ணாடியில் பார்த்தேன், அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. சர்ச்சுக்குத் தெக்க மூணாவது வீடு, நீல கேட்டு, ஆபீசரு டூட்டிக்குப் போயிருப்பாரு, அக்கா இருப்பாவ, என்றான். பிறகு விசில் கொடுத்தான். திட்டுவிளை போய்ச் சேர்ந்தோம். அங்கே டிரிப் ஷீட்டை என் முன்னால் நீட்டி, கையெழுத்துப் போடும் ஆபீசரே, நேரமாச்சு, என்றான். திரும்பி வரும்போது நம் வீட்டைத் தாண்டினேன். அவர் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் கையை நீட்டி அம்மாவிடம் என்னவோ காட்டினார். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. நம் வீட்டைத் தாண்டும்போது எப்போதும் ஒரு ஹாரன் அடிப்பேன், உனக்குத் தெரியும். அன்று அடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டு மேசையில் வெந்த மட்டிப்பழமும், அவர்கள் அடிக்கப் போகிற கல்யாண அட்டையின் மாதிரியும், ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. அட்டையில் உன் பெயருக்குப் பக்கத்தில், திரு. அ. ரசலையன், போக்குவரத்து ஆபீசர், நாகர்கோவில் என்று தங்க எழுத்தில் இருந்தது. துண்டுச் சீட்டில் வண்டி நம்பரும் நேரமும் குறித்து, டிரைவர் நடுவழியில் வண்டியை நாலு நிமிஷம் நிறுத்தி ஒதுங்கப் போனார், கேட்டதற்குப் பதில் இல்லை, குடித்திருக்கலாம், தக்க நடவடிக்கை எடுக்கவும் என்று சம்பந்தி எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். புகார் என் மேசைக்கே வந்துவிட்டதால் விசாரித்தேன். வண்டி நின்றது உண்மை. நாலு நிமிஷம் என்பது உண்மை. பதில் சொல்லாததும் உண்மை. குடித்திருக்கலாம் என்பது பொய், டிரைவர் அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அவருடைய வியாதியே அதுதான். தண்ணீர் குடித்தால் வண்டியை நிறுத்த வேண்டும், குடிக்காவிட்டால் கிட்னியில் கல் வளர்கிறது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடி என்கிறார் டாக்டர். குடிக்காதே என்கிறது டைம் ஷீட் போட்டவரின் கணக்கு. இரண்டு பேரும் படித்தவர்கள். நடவடிக்கை ஏதும் எடுக்கவில்லை.

ஆபீசர் வேலை என்னவென்று எனக்குத் தெரியாது, டிரைவர் வேலை என்னவென்று நீ தெரிந்துகொள். டிப்போவில் ஒரு நோட்டு உண்டு. வண்டியை விட்டு இறங்கும்போது என்ன குறை என்று நாங்கள் இடது பக்கம் எழுத வேண்டும், வலது பக்கம் ஒர்க்ஷாப்பில் பதில் எழுதுவார்கள். பிரேக் தாழ்ந்து பிடிக்கிறது என்று எழுதுவேன். பார்த்தாச்சு, சரி என்று வலது பக்கம் இருக்கும். மறுநாளும் தாழ்ந்துதான் பிடிக்கும். வைப்பர் இல்லை என்று போன மழைக்கு எழுதினேன், வலது பக்கம் இன்னும் காலி, மழை வந்தால் யூஜின் இறங்கிக் கண்ணாடியில் புகையிலையைத் தேய்க்கிறான், அதுதான் எங்கள் வைப்பர். மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன், சாமான் வந்தால்தானே அவன் மாட்டுவான். சாமான் வராததற்கு யார் காரணம் என்று எழுத அந்த நோட்டில் இடம் இல்லை. டீசல் அதிகம் செலவழித்தவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதி வாசலில் வைக்கிறார்கள், போன மாதம் நான் மூன்றாவது, கிழட்டு என்ஜின் குடித்ததற்கு என் பெயரை எழுதியிருந்தார்கள். எங்கேயாவது இடித்துவிட்டால் டிரைவரின் கவனக்குறைவு என்பதுதான் முதல் வரி, அந்த நோட்டை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு உயிர்மேலும் என் வண்டி ஏறவில்லை என்றால், சரி என்று அவர்கள் எழுதியதை நான் ஒருநாளும் நம்பாததுதான் காரணம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி, எனக்கு இடது காலில் மட்டும், கிளட்ச் அந்தப் பக்கம் இருக்கிறது. ஜன்னல் பக்கத்து வலது கை கருத்துவிட்டது, இடது கை அந்த அளவுக்கு இல்லை. கல்யாணத்துக்கு எனக்கு முழுக்கைச் சட்டை தைக்கச் சொல்லியிருக்கிறாள் அம்மா, ஏன் என்று இப்போது புரிகிறது.

ஏசுஅடிமைமேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் அருமனையிலிருந்து நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது இரண்டு டிரைவர்களின் கையில், இரண்டு பேர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு டிரைவர் என்பது ஒரு முதுகு. சர்ச்சில் நான் உட்காரும்போது அவர் எனக்குப் பின்னால் உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும், கண்டுபிடிக்க மாட்டார். ஆனால் நீ என் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள். பிளஸ் டூ படிக்கும்போது டியூஷன் முடிந்து புத்தேரி ஸ்டாப்பில் நிற்பாய், என் வண்டி வந்தால் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்வாய், அடுத்த வண்டியில் வருவாய். கூட்டமா இருந்துது அப்பா என்பாய். என் வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா. அதையும் நம்பினேன் என்று எழுத வந்தேன், அது பொய். நம்பவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பிள்ளைக்க வாழ்க்கையில மண்ணப் போட்டுராதீரும், அது பயந்துபோயி சொல்லியிருக்கும் என்று அம்மா அழுகிறாள். நான் போய் அவரிடம் சொல்ல மாட்டேன். ஆபீசராக நியமித்தவள் நீ, நீக்குவதும் நீதான். உண்மையைச் சொன்னால் கல்யாணம் நிற்காது என்று நான் உறுதி கொடுக்கவில்லை மக்கா, நின்றாலும் நிற்கும். சொல்லாவிட்டால் நடப்பதையும் யோசித்துப் பார். அக்டோபர் 22 திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கல்யாணம். எங்கள் டிப்போ ஆட்கள் கல்யாணத்துக்கு லீவு எடுத்து வருவதில்லை, லீவு யார் தருகிறார்கள். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் காக்கியோடு வருவார்கள், பந்தியில் உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிடுவார்கள், டிரைவரே போயிட்டு வாறோம் என்று பந்தல் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு நானும் அப்படித்தான் போயிருக்கிறேன். ஆபீசர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் வர முடியாது. போன வருஷம் கல் வலியில் நான் ஸ்டியரிங்மேல் சாய்ந்தபோது என்னைத் தோளில் தூக்கி ஆட்டோவில் போட்டவன் யூஜின். உனக்குப் போன் செய்தவனும் அவன்தான், நீ அழுதாய், அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, கரையாத மக்கா என்று சொன்னானாம்.

அட்டை செப்டம்பர் ஐந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாள் ஆகும், மிச்ச நாட்கள் உனக்கு. ஏசுஅடிமைக்குப் போன் செய்து, என் அப்பா டவுன் பஸ் டிரைவர், அன்றைக்கு நீங்கள் ஏசிய அதே டிரைவர் என்று நீயே சொல். அது முடியாது என்றால், நான் அழைக்கக் கூடாதவர்களின் பட்டியல் எனக்கு வேண்டும். எல்லாப் பெயரையும் எழுதிக் கஷ்டப்பட வேண்டாம், கீழே ஒரே ஒரு பெயர் எழுதியிருக்கிறேன். அதற்கு நேராக, வர வேண்டாம் என்று உன் கையெழுத்தில் எழுதி இந்தத் தாளையே திருப்பி அனுப்பு. நான் அப்படியே கொண்டுபோய் அவனிடம் காட்டுவேன், வாயால் சொல்ல என்னால் ஆகாது.

வார்டில் ஆள் இல்லை என்று ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி, இதில் மட்டும் அப்பாவைப் போல இருக்காதே. நீ அனுப்பிய வலித் தைலம் முழங்காலுக்குக் கேட்கிறது, இன்னும் பாதிப் புட்டி இருக்கிறது. போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் ஆண்டவர் உன் கூடவே இருப்பாராக. அம்மாவின் முத்தங்கள். எழுத மறக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
அ. ரசலையன், டிரைவர்

யூஜின், கண்டக்டர் : ..............................