குதிரைக்குக் கணவர் பெயர் கேட்ட செயலி

ஜூலை 3, பிஷ்கெக், கிர்கிஸ்தான்
எமில் சம்மதித்துவிட்டான்! மகப்பேறு மருத்துவர்களுக்காக நான் செய்த கைப்பேசிச் செயலியைக் குதிரை மருத்துவர்களுக்கும் மாற்றித் தரலாம். ஆனால் முதலாளி ஆயிற்றே, நிபந்தனை இல்லாமலா? "ஒரு டாக்டராவது தானா விரும்பிப் பயன்படுத்தணும் புருல். இந்த மாசத்துக்குள்ள. இல்லேன்னா மூட்டை கட்டிடலாம்."
'நோயாளி' என்பதைக் 'குதிரை' என்று மாற்றினால் ஆயிற்று. அவ்வளவுதானே?

ஜூலை 9, சோன்-குல் மலை மேய்ச்சல் வெளி
அவ்வளவுதான் இல்லை.
அனார்கான் அக்கா இந்தப் பக்கத்துக் குதிரை டாக்டர். சினையா என்று பார்க்க ஒரு கை தோள்வரை குதிரைக்குள்ளே. இன்னொரு கையில் வால். நான் பக்கத்தில் நின்று கேள்விகளைப் படிக்கிறேன். மூன்றாவது கேள்வி, 'கணவர் பெயர்?' ஐயோ! அதை எடுக்க மறந்தே போனேன்.
"கணவரா? இந்த மந்தைக்கே ஒரே மாப்பிள்ளைதான்டி! அதோ நிக்கிறாரு, நீயே போய்க் கேட்டுக்கோ."
மேய்ப்பர்கள் புல்லில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். அடுத்த கேள்வி புகைபிடிக்கும் பழக்கம் பற்றி. கைப்பேசியை அணைத்துவிட்டேன்.

ஜூலை 10
அழுதேன். பிறகு குமிஸ் மூன்று கிண்ணம். குதிரைப் பாலின் புளிப்பு மண்டைக்கு ஏறி இப்போது சிரிப்பாக வருகிறது. காலையில் அக்கா கேட்டார்: "ரெண்டு கையும் மாட்டிக்கிட்டுக் கெடக்கு. பொத்தானை எதால அமுக்குறது, மூக்காலயா?"
கைதான் இல்லை. வாய்? அது ஓய்ந்தே நான் பார்க்கவில்லையே! அடி புருல், மக்கு! பொத்தான்களைத் தூக்கு. அவர் பேசட்டும், அது எழுதிக்கொள்ளட்டும்!

ஜூலை 18
அக்காவின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். பார்த்தார். "ம்." அவ்வளவுதான். பைக்குள் போட்டுக்கொண்டு குதிரையேறிப் போய்விட்டார்.

ஜூலை 24, பிஷ்கெக்
அக்காவிடமிருந்து ஒரு பதிவும் வரவில்லை. மலையில் சிக்னல் இருக்காது என்று எமிலிடம் சொன்னேன். எனக்கு நானேயும் சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 29
வந்துவிட்டது! ஒரு மந்தையே வந்துவிட்டது! எமிலும் நானும் காதை ஒட்டிவைத்துக் கேட்டோம். காற்று, கனைப்பு, பிறகு அக்கா: "நில்லுடி கழுதை... சாம்பல், நெத்தியில வெள்ளை, நாலு வயசு... இரு, இரு... சினைதான்! ரெண்டு மாசம்!"
கடைசிப் பதிவு எனக்கு.
"புருல், பக்கத்துப் பள்ளத்தாக்குல டெமிர்னு ஒரு ஆட்டு டாக்டர். எனக்கும் வேணும்னு என் உயிரை வாங்குறான். ஆனா அவன் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசமாட்டான். அவனுக்குப் பொத்தானே வச்சுக் குடு."
எமில் நாற்காலியை விட்டு எழுந்து ஆடிக்கொண்டிருக்கிறான். நான் மறுபடியும் பையில் துணி திணிக்கிறேன். மழைக்கோட்டில் இன்னும் குதிரை வாசம் போகவில்லை.