வேளைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று

அன்புள்ள மகளுக்கு,

அன்புள்ள என்று எழுதியது பழக்கதோஷம். எழுதிய பிறகு அடிக்க மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலம் எப்படி என்றுதான் இத்தனை வருஷமும் தொடங்கியிருக்கிறேன். இந்தத் தடவை அப்படி எழுதினால் பச்சைப் பொய். உன் அப்பா ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் கடைசிக் கட்டிலில் படுத்திருக்கிறார். நான் வராந்தாவில், ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பழைய காலண்டர் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புதன்கிழமை போனில் உன்னிடம், அப்பாவுக்கு வெயிலில் மயக்கம், சேர்த்திருக்கிறோம், பயம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மிச்சத்தை ஏன் போனில் சொல்லவில்லை என்றால், போனில் நீ குறுக்கே பேசுவாய், அழுவாய், லைன் சரியில்லை என்பாய். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் அழு.

நீ உன் ஆபீஸ் சிநேகிதி கையில் கொடுத்தனுப்பினாயே ஒரு மாத்திரை டப்பா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அப்பாவுக்கு இரண்டு வாரமாக வயிற்றைப் பிடித்துப் பிடித்து வலித்தது உண்மை. வீடியோவில் பேசும்போது அவர் வயிற்றில் கை வைத்ததை நீ பார்த்ததும் உண்மை. டாக்டரிடம் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீ நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாயா? "எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது இருக்குப்பா, போட்ட அரை மணி நேரத்துல வயிறு சொன்ன பேச்சு கேக்கும், அனுப்பி வைக்கிறேன்" என்று பெரிய மருத்துவச்சி மாதிரி சொன்னாய். பத்தே நாளில் டப்பா வந்து சேர்ந்தது. அதன் மேல் உன் பெயர் அச்சடித்திருக்கிறது, உன் டாக்டர் பெயர் அச்சடித்திருக்கிறது, எத்தனை போட வேண்டும் என்பதும் அந்த ஊர் மொழியில் அச்சடித்திருக்கிறது. அந்த மூன்றையும் மறைத்துத்தான் உன் சீட்டை ஒட்டியிருந்தாய். அப்பாவுக்கு அந்த மொழி தெரியாதே என்று தமிழில் எழுதினாயாம், என்ன கரிசனம். சீட்டில் நீ எழுதியது மூன்றே வரி. வயிற்றுப் பிடிப்புக்கு. வேலைக்கு ஒன்று. பயம் வேண்டாம்.

இரண்டாவது வரியில் மட்டும் பிழை.

முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ் எதுவாக இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பி ஒரு கொம்பு, ஒரு புள்ளி வெளியே போனதில்லை என்று முதலாளியே சொல்வார். அப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்து, சின்ன ல எங்கே பெரிய ள எங்கே என்று பத்தாம் வகுப்பு வரை உனக்குத் தகராறு. எத்தனை பக்கம் எழுதவைத்திருப்பேன். அம்மா உயிரை வாங்குறா என்று அப்பாவிடம் போய்ச் சொல்வாய், அவர் நோட்டைப் பிடுங்கி மூடிவைப்பார். இப்போது நீ கம்ப்யூட்டரில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறாய். அம்மாவுக்கும் மகளுக்கும் பிழைதான் பிழைப்பு. ஆனால் வேளை என்று எழுத வேண்டிய இடத்தில் வேலை என்று எழுதி அனுப்புகிறாய். அதனால் என்னம்மா, அப்பாவுக்குப் புரியாதா என்று இப்போது நினைப்பாய். புரிந்தது, நன்றாகவே புரிந்தது. இந்தப் பிளம்பர் வீட்டில் வேலை என்றால் என்ன அர்த்தம் என்று நீயே நினைத்துப் பார். ஒரு வீட்டில் குழாய் ஒழுகினால் அது ஒரு வேலை, இன்னொரு வீட்டில் மோட்டார் ஏறவில்லை என்றால் அது இன்னொரு வேலை. சாயங்காலம் அவர் பையை இறக்கிவைத்ததும் இன்னைக்கு எத்தனை வேலைப்பா என்று நீதானே ஓடிப்போய்க் கேட்பாய்? அதை நினைத்துத்தான் என் மகள் எனக்கென்றே கணக்காக எழுதியிருக்கிறாள் என்று சீட்டைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் காட்டிப் பெருமைப்பட்டாராம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒன்று போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்.

முதல் நாள் மூன்று வேலை, மூன்று மாத்திரை. வயிறு அமைதியாகிவிட்டது என்றார். இரண்டாம் நாள் நான்கு. அன்று சாயங்காலமே பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார், ஆனால் பாத்ரூம் பக்கம் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. இந்த வெயிலிலும் சட்டை காய்ந்தே இருக்கிறது பார், ஒரு சொட்டு வேர்வை இல்லை, மகள் மருந்து அதுக்கும் சேர்த்து வேலை செய்யுது என்று என்னிடம் சட்டையை விரித்துக் காட்டினார். நானும் மடச்சி மாதிரி தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஆறு வேலை. ஆறாவது, பல் டாக்டர் கட்டடம். பல் பார்க்கிற நாற்காலியின் குழாயில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மணி வெயிலில் மொட்டைமாடிக்குப் போனவர் ஒரு மணி நேரமாக இறங்கவில்லை. வரவேற்பில் உட்காரும் பெண் மேலே போய்ப் பார்த்தால், இரண்டு தொட்டிக்கு நடுவில் உட்கார்ந்து, ஸ்பேனரை வெறும் காற்றில் திருகிக்கொண்டிருந்தாராம். அவளைப் பார்த்து, "வால்வை மூடும்மா, வீடு முழுக்கத் தண்ணி" என்றாராம். அங்கே சொட்டு ஈரம் இல்லை. பல் டாக்டர் ஓடி வந்து, தொழில் புத்தியில் முதலில் வாயைத் திறந்து பார்த்திருக்கிறார். நாக்கு அட்டை மாதிரி காய்ந்திருந்தது, உடம்பு கொதித்தது, தோலில் வேர்வையே இல்லை. நிழலுக்குத் தூக்கிவந்து, ஈரத்துணி சுற்றி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, இவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று பையைத் துழாவினார். உன் டப்பா கிடைத்தது. அந்த மனுஷன் பல் டாக்டராக இல்லாமல் துணிக்கடைக்காரராக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

எனக்குச் செய்தி வந்ததும் சாவியைக் கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினேன். தையல்காரம்மாதான் பூட்டைப் பூட்டி என்னை ஆட்டோவில் ஏற்றினாள். இங்கே டாக்டர் உன் வயதுப் பெண். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் பேருக்கு எழுதின மாத்திரை இது?" என்றாள். என் பெண் பெயருக்கு என்றேன். "அப்ப உங்க பொண்ணையே போடச் சொல்லுங்க" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு. அப்புறம் அவளே உட்காரவைத்து விளக்கினாள், நான் காலண்டர் அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன், உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அது நல்ல மாத்திரைதானாம், ஆள் பார்த்து, அளவு பார்த்துக் கொடுத்தால். முறுக்கிப் பிடிக்கிற குடலைத் தளர்த்துமாம். ஆனால் குடலோடு நிற்காதாம். வாயைக் காயவைக்கும், கண்ணை மங்கவைக்கும், மயக்கம் தரும், அதனால் அதைப் போட்டுக்கொண்டு ஏணி ஏறுவதும் வண்டி ஓட்டுவதும் கூடாது. வேர்வையை நிறுத்திவிடும், உள்ளே ஏறிய சூடு வெளியே வர வழி இருக்காது, வெயிலில் வேலை செய்கிறவனுக்கு அது ஆபத்து. வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும். போதாததற்கு, சிறுநீர்ப் பையையும் தூங்கவைத்துவிடும். போன வருஷத்திலிருந்து அப்பாவுக்குச் சிறுநீர் போவதில் சிரமம், அதற்கு ஒரு மாத்திரை, தூசித் தும்மலுக்கு இன்னொரு மாத்திரை. அந்தத் தும்மல் மாத்திரையும் இதே மாதிரி காயவைக்கிற ஜாதியாம். இரண்டும் ஒன்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று அவரிடம் நீ ஒரு கேள்வி கேட்டாயா? சிறுநீர்ச் சிரமத்தை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் எனக்குச் சத்தியம் வாங்கியிருந்தார், அது அவர் வெட்கம், அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள். வயிறு பிடித்ததற்குக் காரணம் மலச்சிக்கலாம், இரண்டு வாரமாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குடல் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அடைத்த குடலுக்குப் போய் அதை அசையவிடாத மாத்திரையை அனுப்பியிருக்கிறாய். வலி அடங்கியது, வியாதி உள்ளேயே வளர்ந்தது.

ஊரில் உள்ள குழாயை எல்லாம் திறந்துவிடுகிறவர் நான்கு நாளாக ரப்பர் குழாயும் பையுமாகப் படுத்திருக்கிறார். சேர்த்த அன்று ஒன்றரை லிட்டர் சிறுநீர் எடுத்தார்கள். அதிகம் விரிந்துபோன சிறுநீர்ப் பை மறுபடி தானாகச் சுருங்குமா என்பது குழாயை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறாள் டாக்டர். சுருங்காவிட்டால் குழாயோடு பல வாரம், அப்புறம் ஆபரேஷன் கூட இருக்கலாம். பையைக் காலில் கட்டிக்கொண்டு எந்த மொட்டைமாடிக்கு ஏறுவார்? வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் அவர் ஒரு மாதம் தாங்க மாட்டார், உனக்கே தெரியும். நாளைக் காலை எடுக்கிறார்கள். அது தெரியாமல் இதை ஒட்டப் போவதில்லை.

இதற்குள் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கென்று எழுதிய மாத்திரையை இனி யாருக்கும் கொடுக்காதே, பெற்றவனானாலும் சரி, கட்டியவனானாலும் சரி. நீயும் டாக்டர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் போடாதே, ஒரு தடவை மறந்தால் அடுத்த தடவை இரண்டாகப் போடாதே. சின்னது பெரியது என்று பார்க்காமல் நீ போடும் எல்லா மாத்திரையையும் டாக்டரிடம் சொல். சிறுநீர் நின்றாலோ, கண் வலித்து மங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, பேச்சு குழறினாலோ, சரியாகிவிடும் என்று படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. யாருக்காவது எழுதிக் காட்ட நேர்ந்தால் காலை 1, மதியம் 1 என்று எண்ணால் எழுது. எண்ணில் சின்னது பெரியது தகராறு இல்லை.

மறுநாள் எழுதுகிறேன். எட்டு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். தண்ணீரைக் குடிக்கச் சொல்லி நடக்கவிட்டார்கள். ஒன்பது ஆனது, பத்து ஆனது, ஒன்றும் இல்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நர்ஸ் மறுபடி குழாயைத் தயார்செய்து தட்டில் வைத்துவிட்டாள், அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். பதினொன்றே முக்காலுக்குப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்துச் சத்தம் கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "ஒரு வேலை முடிஞ்சுது" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதும் நான் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டேன்.

பிழைத்துக்கொண்டார். இன்னும் நான்கு நாள் வைத்துப் பார்த்து அனுப்புவார்களாம். மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவள் தப்பாக எழுதினாள் என்று அவளிடம் சொல்லாதே, எனக்குத்தான் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிடு என்றார். இத்தனைக்கும் காரணமானவளுக்கு இன்னும் வக்காலத்தா என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே, "அவள மட்டும் ஏன் திட்டுற, நீயும்தான் வட்டம் போட்டுக் காட்டியிருந்தியே" என்றார். எனக்கு அப்போதுதான் சட்டென்று உறைத்தது. டப்பா வந்த அன்றே உன் பிழையைப் பார்த்துவிட்டேனடி. பென்சிலை எடுத்து அந்த லையைச் சுற்றி வட்டம் போட்டேன், அச்சகத்தில் போடுகிற மாதிரியே. ஓரத்தில் ளை என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது சீட்டைக் காட்டி உன் மானத்தை வாங்க வேண்டும் என்று அப்படியே வைத்திருந்தேன். முக்கியமான வார்த்தை என்பதால்தான் நான் வட்டம் போட்டிருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பிழையைத் திருத்தாமல் வெளியே விட்டது அது ஒன்றுதான். அதனால் உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. அது அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது.

வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. அந்தச் சீட்டை டப்பாவிலிருந்து உரித்து இதோடு வைத்திருக்கிறேன், ஓரத்தில் இப்போது ளை எழுதிவிட்டேன், மேசைக்கு எதிரில் ஒட்டிவை. ஞாபகமாக ஒரு கேள்விக்குப் பதில் எழுது. டப்பாவில் இருக்கும் தேதி போன மாதத் தேதி. முப்பது என்று போட்டிருக்கிறது, வந்து சேரும்போது இருபத்தெட்டு இருந்தது. உனக்கு எழுதியதை இங்கே அனுப்பிவிட்டு, நீ அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்ன செய்கிறாய்?

இன்னும் கோபம் தீராத,
அம்மா