இவருக்குப் பொருந்தின அங்கி

மார்ச் 14, சனி

காலமை தொடக்கம் மழை. ரெண்டு மணிக்குத் தையல் குழு, கோயிலுக்குக் கீழை இருக்கிற கெல்லர் அறையிலை. நாங்கள் ஆறு பேர், பழைய காலத்து யப்பான் உடுப்புகளைக் கையாலை சாயம் போட்டுத் தைக்கிற ஆக்கள். என்னைத் தவிர எல்லாரும் ஜேர்மன்காரர்.

அங்கி முடிஞ்சுது. அந்தக் காலத்திலை நெருப்பணைக்கப் போறவை போட்ட மாதிரி. மூண்டு மடிப்புத் துணி, அவுரி நீலம், முழுக்க வெள்ளை நூல் தையல். ஏழு மாத வேலை.

குழுவிலை இருக்கிற ஊவே போட்டுப் பாத்தான். சட்டைக்கை முழங்கையோடை நிண்டுது. தோளிலை நூல் அறுந்த சத்தம். எனக்கெண்டால் நிலத்திலை இழுபடுது. றெனாட்ட (எங்கடை தலைவி, முந்தி பஸ் ஓடினவ) சிரிச்சுச் சிரிச்சுக் கதிரையிலை இருந்திட்டா. பழைய துணி அகலத்தை அப்பிடியே எடுத்தம், பழைய ஆக்களின்ரை உயரத்தை மறந்திட்டம்.

28ந்தேதி டுசல்டோர்ஃபிலை கண்காட்சி. ஒராள் போட்டுக்கொண்டு நிக்கவேணும். உன்ரை மனுசன் என்ன உயரம் எண்டு றெனாட்ட கேட்டா. சொன்னன். வரமாட்டார் எண்டும் சொன்னன்.

16, திங்கள்

காலமை வேலை. வாங்க: பால், உப்பு, ஊசி.

இவரிட்டைக் கேக்கேல்லை. கம்பித் தொழிற்சாலை மிசின் இவற்றை வலக்கையிலை ரெண்டு விரலை எடுத்துப் பதினாலு மாதம். அதுக்குப் பிறகு பூசை இல்லை, கலியாணவீடு இல்லை. ஆரும் வந்தால் கை பொக்கற்றுக்குள்ளை. சிலநேரம் எனக்கு முன்னாலையும். அதுதான் கூட நோகுது.

19, வியாழன்

வெயில். றெனாட்ட சொல்லாமல் கொள்ளாமல் வந்தா, அங்கியோடை. கீழ்க்கரைக்குக் குண்டூசி குத்தவேணுமாம், பத்து நிமிசம் ஆரும் போட்டுக்கொண்டு நிண்டால் காணுமாம். இவரிட்டையே கேட்டா. கையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் குசினிக்குள்ளை ஓடினன். பாத்துக்கொண்டு நிக்க ஏலாது.

வெளியாலை வர, இவர் அங்கியோடை நிக்கிறார். தோள், கை, நீளம், எல்லாம் அளந்து தைச்ச மாதிரி. ரெண்டு கையும் வெளியிலை. றெனாட்ட முழந்தாளிலை, வாய் நிறையக் குண்டூசி.

"என்ன பாக்கிறாய்? தேத்தண்ணியை வை," எண்டார்.

அவ போன பிறகு இவற்றை கதை வேறை.

"ரெண்டு பேரும் முதலே கதைச்சு வைச்சுத்தானே செய்தனீங்கள்?"

உயரம் மட்டும்தான் சொன்னனான் எண்டன். நம்பேல்லை.

22, ஞாயிறு

மூண்டு நாளாக் கதை இல்லை. பூசைக்குத் தனிய. மீன்கறி நல்லா வந்தது, சொல்ல ஆளில்லை. உயரத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ. எண்டாலும் அந்தப் பத்து நிமிசம் அவர் நிண்ட விதம்.

27, வெள்ளி

பொம்மையிலை போட்டு வைப்பம் எண்டு ஊவே போன். சரியெண்டன்.

சாப்பிடேக்கை இவர், சோத்தைப் பாத்தபடி, நாளைக்கு எத்தினை மணிக்கு றெயின் எண்டு கேட்டார். எட்டரை எண்டன். மேடை ஏறமாட்டாராம், மேசைக்குப் பக்கத்திலை நிப்பாராம், அவ்வளவுதான். தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அப்பத்தான் கவனிச்சன்.

28, சனி

சரியான சனம். இவருக்கு அவசரமா உடுத்திவிட்டன். முதல் ஒரு மணித்தியாலம் இவற்றை கை சட்டைக்கைக்குள்ளையே.

பிறகு ஒரு யப்பான் அம்மா, எழுபது வயசிருக்கும், டுசல்டோர்ஃபிலையே இருக்கிறவ. குனிஞ்சு தையலைக் கனநேரம் பாத்தா. பிறகு மெதுவா, மன்னிக்கச் சொல்லிப்போட்டு:

"வலப்பக்கம் மேலை கிடக்குது. இறந்தவைக்குத்தான் இப்பிடி உடுத்துறது."

எனக்குத் தெரிஞ்ச விசயம். எதிர்ப்பக்கம் நிண்டு உடுத்தினதிலை இடம் வலம் மாறிப்போச்சு. நிலம் பிளந்தால் இறங்கியிருப்பன்.

நான் கிட்டப் போக முதல் இவரே இடுப்புக் கச்சையை அவிழ்த்தார். வலக்கையாலை. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை. இடப்பக்கத்தை மேலை இழுத்துத் திருப்பிக் கட்டினார். முடிச்சு ரெண்டுதரம் வழுகிச்சு. அந்த அம்மா உதவிக்குப் போகேல்லை, அவசரப்படவும் இல்லை, காத்துக்கொண்டு நிண்டா.

"இப்ப சரியோ?"

சரி எண்டு தலை குனிஞ்சா.

பிறகு ரெண்டு பேருக்கும் ஒரே கதை, உடைஞ்ச ஜேர்மனிலை. அந்தக் காலத்து ஆக்கள் அங்கிக்கு உள்பக்கம் படம் கீறி வைச்சிருப்பினமாம். நெருப்பை அணைச்சுப்போட்டு, உள்பக்கம் வெளியாலை வரத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வீட்டை போவினமாம். இவர் எங்கடையைத் திருப்பிப் பாத்தார். வெறும் நீலம்.

29, குருத்தோலை ஞாயிறு

கோடை நேரம் தொடங்கீட்டுது, மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. நித்திரை காணாது, கால் நோ.

பூசைக்கு இண்டைக்கும் தனியத்தான். திரும்பி வர, சாப்பாட்டு மேசையிலை அங்கி, உள்பக்கம் வெளியாலை விரிச்சுக் கிடக்குது. படம் கீறலாமோ எண்டு றெனாட்டவிட்டைப் போனிலை கேட்டிட்டாராம், அவ ஓம் எண்டிட்டாவாம். என்ன படம் எண்டன்.

நண்டாம். வலக்கையிலை மிச்ச விரலைக் கொடுக்கு மாதிரி விரிச்சுக் காட்டினார்.

நெருப்பணைக்கப் போறவனுக்கு நண்டோ. எனக்கு நண்டு கீற ஏலாது எண்டு சொன்னன்.

"உன்னை ஆர் கேட்டது," எண்டார், பென்சிலைச் சீவிக்கொண்டு.