முகங்களுக்குத் திரும்பிய லூசியென்

அன்பு லூசி அக்காவுக்கு,

நீங்கள் கண்மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. மாரெட்பள்ளி வீட்டு மாடியில் உங்கள் படங்களைச் சுவரோரம் சாய்த்துவைத்து, எது எப்போது வரைந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒரே ஆள் வரைந்தவை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பாரிஸில் இருபத்தைந்து வயதில், நண்பர்களோடு சேர்ந்து தூரிகையையே தூக்கிப் போட்டீர்களாம். சைக்கிள் டயரை மையில் தோய்த்துத் துணிமேல் உருட்டினீர்களாம். பத்திரிகைகள் திட்டத் திட்ட உங்கள் பேர் வளர்ந்திருக்கிறது. அப்புறம் ஏழு வருடம் வெள்ளைத் துணிமேல் வெள்ளை வண்ணம் மட்டும். ஊரே கொண்டாடியது. கொண்டாட்டம் உச்சத்தில் இருந்தபோது அதையும் விட்டுவிட்டு, ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த எஞ்சினியர் கணவரோடு ஹைதராபாத் வந்துவிட்டீர்கள்.

அவர் இறந்த பிறகும் நீங்கள் திரும்பிப் போகவில்லை. சனத்நகர் பட்டறைகளில் கழித்துப்போட்ட இரும்புச் சுருள்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்து பலகையில் ஒட்டினீர்கள். "இங்கே என்னை யாருக்கும் தெரியாது. நிம்மதியா தப்பு பண்ணலாம்" என்பீர்கள்.

நான் கீழ்வீட்டில் குடியிருந்தேன். காரைக்கால்காரி, அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் உங்கள் மொழி எனக்கு வீட்டிலேயே வந்தது. அதே தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பு வேலை. உதட்டிலிருந்து கழுத்துவரை வெண்புள்ளி. மே மாத வெயிலிலும் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டுதான் கம்பெனி பஸ் ஏறுவேன். உன்னை வரையட்டுமா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் மாட்டேன் என்றேன். இரண்டு வருடம்.

பிறகு தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. போனில் சொன்னான்: "பொண்ணு வீட்டுல ஏதாவது கேப்பாங்கக்கா. நீ கல்யாணம் முடிஞ்சு மெதுவா வாயேன்."

போனை வைத்துவிட்டு நேரே மாடியேறினேன். துப்பட்டாவை உருவிப் போட்டேன். "வரைங்க" என்றேன்.

நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. அழகாயிருக்கிறாய் என்றும் சொல்லவில்லை. அதற்குத்தான் முதல் நன்றி. முப்பது வருடமாக நீங்கள் முகமே வரைந்ததில்லை. "மூக்கு எப்படிப் போடறதுன்னே மறந்துபோச்சு!" என்று சிரித்தீர்கள். கண்ணீரோடு நானும் சிரித்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். என் முகத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை, அக்கா. நான்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருடம்தான் பாரிஸிலிருந்து ஓவியக்கூடத்துக்காரர் வந்தார். உங்கள் வெள்ளைப் படங்களுக்குப் பெரிய கண்காட்சி வைக்க ஆசை. நான் காபி கொண்டுவந்தபோது அவர் என் படத்தின் முன் நின்றிருந்தார். "இதெல்லாம் பொழுதுபோக்குக்கு வரைகிறவர்கள் வேலை. யார் இந்த ஒட்டுப்போட்ட முகம்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

உங்களை முந்திக்கொண்டு பிரெஞ்சிலேயே சொன்னேன்: "நான்தான், ஐயா. சர்க்கரை போடட்டுமா?"

அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? உங்களிடமிருந்தா, அந்தப் படத்திலிருந்தா?

அவர் முகம் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார். நீங்களோ, "முகங்களும் வரும், இல்லாவிட்டால் எதுவும் வராது" என்று முடித்துவிட்டீர்கள். கண்காட்சி நடக்கவே இல்லை. அதற்காக ஒருநாளும் என்னிடம் வருத்தப்பட்டதில்லை. எதிர்வீட்டில் இஸ்திரி போடும் யாதம்மா, ஆட்டோ ஓட்டும் சலீம் பாய் என்று தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள்.

ஐந்து வருடத்தில் அதையும் நிறுத்தினீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நன்றாக வருகிறதே, ஏன் விடுகிறீர்கள் என்று சண்டை போட்டேன். "நன்றாக வந்துவிட்டதே, அதனால்தான்" என்றீர்கள். கடைசியில் துணி முழுக்க ஒரே மஞ்சள். கண் மங்கிய பிறகும் மஞ்சள்.

போன ஞாயிறு வீட்டிலேயே எல்லாப் படங்களையும் தெருவுக்குத் திறந்துவைத்தோம். யாதம்மா தன் படத்தைப் பார்த்து, "நா முக்கு இந்த்த பெத்ததா?" என்று தெலுங்கில் கேட்டு, இவ்வளவு பெரிசா என் மூக்கு என்பதுபோலத் தடவிப் பார்த்தாள். ஹவ், ஆமாம், இதைவிடப் பெரிசு என்று சலீம் பாய் சொல்ல, கூடமே சிரித்தது.

தம்பியும் மனைவியோடு வந்திருந்தான். என் படத்தின் முன் வெகுநேரம் நின்றான். "அக்கா, அன்னிக்கு நான்…" என்று தொடங்கினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவங்க எனக்கு நாத்தனார்" என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொன்னாள்.

அந்த மஞ்சள் எனக்கு இன்னும் புரியவில்லை, அக்கா. புரிகிறதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை மூட்டை கட்டு என்கிறார்கள் பார்த்தவர்கள். மாட்டேன். எந்த ஊரில் யார் கண்காட்சிக்குக் கேட்டாலும் மஞ்சளையும் சேர்த்தேதான் அனுப்புவேன். ஞாயிறுதோறும் அதன் முன் உட்காருவேன். புரியும்வரை, புரியாவிட்டாலும்.

உங்கள் கீழ்வீட்டுத் தங்கை,
அமலி