பிரிக்கப்படாத உறைகள்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? அண்ணியை விசாரித்ததாகச் சொல். தபால் நிலையக் கவுண்டரில் நின்று நின்று என் கால்தான் வீங்கிக் கிடக்கிறது. மேலதிகாரி வழக்கம்போல் சிடுமூஞ்சி.

அப்பாவிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் பேசினால் அவருக்குக் காது கேட்கவில்லை என்கிறாய், சரி. கை எங்கே போயிற்று? ஒவ்வொரு மாதமும் அவர் சேகரிப்புக்கென்றே அச்சுப் பிழையுள்ள அரிய தபால் தலையாகத் தேடி ஒட்டி, முத்திரையும் மங்காமல் நானே குத்தி அனுப்புகிறேன். 'வந்தது' என்றாவது எழுதக்கூடாதா?

அவர் பிறந்தநாளுக்கு ஒரு ரகசியம் வைத்திருக்கிறேன். அவருடைய ஆல்பத்தில் பறவைத் தபால் தலை வரிசையில் ஒன்று குறைகிறதே, அதை வாங்கப் போகிறேன். பழைய தபால் தலை ஏலங்களின் விவரமெல்லாம் இணையத்தில் ஒரு தளத்தில் படத்தோடு இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவிடம் உளறிவிடாதே.

உன் தங்கை,
வாலு

ஜூன் 19

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கை நடுக்கம், பேனா நிற்பதில்லை. உன் மே மாதக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டார். சிடுமூஞ்சி கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தத் தளத்தை எல்லாம் நோண்டாதே. கண் கெட்டுப்போகும். ஊரில் உள்ள ஏமாற்றுக்காரன் எல்லாம் அங்கேதான் இருக்கிறான். பரிசு எதற்கு? நீ வழக்கம்போல் கடிதம் போடு, அதுவே அவருக்குப் போதும். தபால் தலையை மட்டும் ஓரம் மடங்காமல் ஒட்டு.

அண்ணன்

ஜூலை 3

அண்ணா,

பறவையைத் தேடப்போய் என் கையெழுத்தைப் பார்த்தேன். நம் வீட்டு முகவரி, என் பச்சை மை, நான் குத்திய முத்திரை. எல்லாம் அந்த மே மாதக் கடிதத்தின் உறைமேல். 'பிரிக்கப்படாதது, அதனால் கூடுதல் மதிப்பு' என்று கீழே போட்டிருக்கிறது. ஜூன் முதல் வாரத்திலேயே ஏலம் போய்விட்டது.

அப்படியானால் அப்பா மூன்று தடவை படித்தது எதை?

அப்பாவை ஒரே ஒரு வரி, கோணல் மாணலாகவாவது எழுதச் சொல். இல்லாவிட்டால் புறப்பட்டு வந்துவிடுவேன்.

வாலு

ஜூலை 15

தங்கச்சி,

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். உன்னைப்போல் எழுத உலகத்தில் வேறு ஆளே இல்லையா? இல்லாவிட்டால் தபால்காரன் எடுத்திருப்பான். உங்கள் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியாததா?

அப்பாவிடம் சொன்னேன். "அவ இங்க வரவே வேண்டாம்"னு கத்துகிறார். உன்மேல் கோபம். வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறோம், அந்த நெடி ஆகாதென்று அவரை மாடி அறையில் படுக்க வைத்திருக்கிறோம். இப்போது வந்தால் உனக்குப் படுக்க இடமில்லை. சொன்னால் கேள்.

அண்ணன்

ஜூலை 28

அண்ணா,

அந்தத் தளத்தில் விற்றவருக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் போட்டால் அவர் விற்ற அத்தனையும் வந்து நிற்கிறது. போன வருடத்திலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு கடிதமும் இருக்கிறது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அவற்றுக்கு நடுவில் அப்பாவின் ஆல்பங்கள். முதல் பக்கத்தில் நான் சின்ன வயதில் கிறுக்கி அடி வாங்கினேனே, அந்தக் கிறுக்கலும் படத்தில் தெரிகிறது. 'மறைந்த சேகரிப்பாளரின் தொகுப்பு' என்று எழுதியிருக்கிறது. விற்றது ஏப்ரலில்.

மறைந்த மனுஷன் ஜூனில் எப்படி அண்ணா சிரித்தார்?

மேசைமேல் தலையை வைத்து அழுதேன். வீடு உனக்கு, ஆல்பங்களும் உனக்கு. எனக்கு எதுவும் வேண்டாம். அப்பா கடைசியில் என்னைக் கேட்டாரா? அதை மட்டும் எழுது.

வாலு

ஆகஸ்ட் 10

கேட்டார்.

காலையில் வாசலில் சைக்கிள் மணி அடித்தால் போதும், "வாலு லெட்டர் வந்துச்சாடா?" என்பார். கையில் கொடுத்தால் பிரித்துவிடுவார், பிரித்தால் பாதி விலைகூடப் போகாது. "வரலைப்பா. அவளுக்கு அங்க ஆயிரம் வேலை"ன்னு சொல்வேன். ஒன்றிரண்டு மாதம்தான் விற்பது என்று நினைத்தேன். அப்புறம் எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது?

பிப்ரவரியில் போனார். தூக்கத்திலேயே. அதற்குப் பல நாள் முன்பே உன் கடிதத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.