வண்டி ஏறும் நாள்

அக்கா,

கனிந்த பூவன்பழத்தின் வாசனை காலையிலிருந்து என் கையை விட்டுப் போகவில்லை. இன்று சென்னை ஆய்வகத்து வண்டி வந்துபோனது.

குரும்பலூர் தாண்டி, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய உங்கள் பண்ணைக்கு வேலைக்கு வந்தபோது, வெண்பன்றி என்றால் கறிக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அதன் இதயம் மனுஷ இதயம் மாதிரியே இருக்குமாம், புது வால்வை அதில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஆளுக்கு வைப்பார்களாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மிரண்ட பன்றி ஆய்வகத்துக்காரர்களுக்கு ஆகாது. அதனால் கம்பே எடுக்கக் கூடாது. தினமும் கொட்டகைக்குள் உட்கார்ந்து காதைச் சொறிந்து, பழம் கொடுத்து, "வாங்கடா தங்கம்" என்று பழக்குவீர்கள். வண்டி வரும் நாளிலும் அதே குரல்தான். ஓடிவந்து ஏறிக்கொள்ளும். அன்று மட்டும் நீங்கள் மதியம் சாப்பிட மாட்டீர்கள். எனக்கு அது கொஞ்சம் நடிப்பாகக்கூடத் தெரிந்தது. இவ்வளவு வருத்தம் என்றால் இந்தத் தொழில் எதற்கு என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எப்படியும் போவப்போவுதுங்க. பயப்படாம போவட்டும்டி. அது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு" என்றீர்கள்.

நீங்கள் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் வண்டி வந்தது. என் குரலுக்கு ஒன்றும் அசையவில்லை. மூச்சு வாங்க வாங்க "வாங்கடா தங்கம்" என்று கூப்பிட்டு, அந்தக் குரலைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். போனை வண்டிக்குள் வைத்து ஒலிக்கவிட்டேன். ஏறிய பிறகு உங்களைத் தேடி மூலை மூலையாக மோந்தன. நீங்கள் போன பிறகும் அதையேதான் போட்டேன். உங்கள் குரல் என்று என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதை வைத்தா இதுகளை ஏமாற்றுவது என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்று போனை எடுக்கவில்லை. கம்பு எடுக்கட்டுமா என்று டிரைவர் அவசரப்பட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழச் சீப்போடு வண்டிக்குள் போய் உட்கார்ந்து நானே கூப்பிட்டேன். வரக் கூடாது என்றுகூட உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். காது மடங்கிய பெட்டை முதலில் வந்தது, பின்னாலேயே மற்றவை. ஒன்று என் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

மதியம் சோற்றுத் தூக்கைத் திறந்து, அப்படியே மூடிவிட்டேன். ஏம்மா சாப்பிடலையா என்று உங்கள் வீட்டுக்கார அண்ணன் கேட்டார். பசிக்கலைண்ணே என்றேன்.

என் குரலுக்கு வந்துவிட்டன, அக்கா.