கொத்த வராத வெள்ளைக்கோழி

அன்புள்ள அம்மா,

நேற்றுக் காலையில் கூட்டைத் திறந்ததும், வெள்ளைக்கோழி மட்டும் என் கால்விரலைக் கொத்த ஓடி வரவில்லை. நீ பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

வெள்ளை, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றது. கழுத்துக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். தின்ற புல் அடைத்துக்கொண்டு இரைப்பை கல் மாதிரி இருந்தது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "இது தேறாது. சாகறதுக்குள்ள அறுத்துடலாம்" என்றார்.

"வேண்டாங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

வேலைக்கு வந்த இந்த வீட்டில், யாரும் கேட்காமல் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்துவிட்டார். "அடியே, உனக்கு வாய்கூட இருக்கா? சரி, நாளைக்குக் காலை வரைக்கும் பாரு."

தீனியை நிறுத்தி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் புகட்டினேன். தம்பிக்கு வயிறு உப்பினால் நீ நீவுவாயே, அப்படி வேலைக்கு நடுவே ஓடிப்போய் நீவினேன். நம் வீட்டுக் கதையெல்லாம் அதனிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டது.

இன்று காலையில் இரைப்பை இளகியிருந்தது. வீட்டுக்காரம்மாவும் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொழைச்சுப் போ" என்றார். ஆனால் அது இன்னும் மூலையைவிட்டு நகரவில்லை.

என் பழைய பச்சைப் பாவாடையை யாரிடமாவது கொடுத்தனுப்பு, கூட்டில் விரிக்கலாம். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை. தம்பியை இரண்டு வரி எழுதச் சொல். துணி காயப்போடக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

துணியைக் காயப்போட்டுவிட்டு, இப்போதுதான் கூட்டுக்குள் போய், வெள்ளைக்கு எட்டுகிற மாதிரி என் கால்விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

உன் மகள்